பந்தக்கால் ஓரம் ஒரு சாம்பல் சட்டை

அத்தியாயம் பதினொன்று

இப்போதெல்லாம் விசேஷத்துக்கு வருகிறவன் வீட்டுக்காரனைப் பார்க்க வருவதில்லை, கேமராவைப் பார்க்க வருகிறான் என்பது திருநாவுக்கரசுவின் முடிவு. பந்தலுக்குள் நுழையும்போதே தலையைக் கோதிக்கொள்கிறான். இலையில் சாம்பாரை ஊற்றினால் குனிந்து தின்ன வேண்டியதுதானே? லைட் தன் பக்கம் திரும்புகிற வரைக்கும் அப்பளத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். குழந்தைக்குக் காது குத்துகிறார்கள், அது வீல் என்று அலறுகிறது, சுற்றி நிற்கிற ஜனம் குழந்தையைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது. அத்தனை கண்ணில் ஒரு கண்ணாவது பந்தலோரம் யார் நிற்கிறார்கள் என்று பார்த்ததா?

பார்க்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்தக் கதி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்ணூர் அம்மன் கோயில் வாசலில் பேத்தி சுவாதிக்குக் காது குத்தினார்கள். திங்கட்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் குழந்தையைக் காணோம்.

சாப்பாட்டு மணி அடித்தபோது ஒரு ஆள் வந்தானாம். சாம்பல் நிறக் கம்பெனிச் சட்டையாம். "காது குத்துன வூட்லேர்ந்து வரேன். பாப்பாவுக்குக் காது வீங்கிக்கினு கீது, டாக்டராண்ட காட்டணும். அவங்கம்மா இட்டாரச் சொன்னாங்க" என்றானாம். காது வீங்கித்தான் இருந்தது. பள்ளிக்கூட ஆயா பூமாரி அனுப்பிவிட்டாள். குழந்தையும் மறுக்காமல் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐஸ் வாங்கித் தருவியா?" என்று கேட்டபடி போயிற்றாம்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் குழந்தையின் அம்மா சாரதா போய் வாசலில் நின்றாள். "நீங்கதானேம்மா ஆள் அனுப்புனீங்க?" என்றாள் ஆயா.

முதல் சந்தேகம் மாப்பிள்ளை நாகப்பன் மேல்தான் போனது. தொடர்ந்து படித்துவருகிறவர்களுக்கு அவனைத் தெரியும். சாரதாவை அடித்து அடித்து விரட்டியவன். போன மாதம் வாசலில் வந்து நின்று, "என்னக் கேக்காம என் பொண்ணு காதுல ஊசி பட்டுச்சு, அப்புறம் இன்னா நடக்குதுன்னு பாரு" என்று சொல்லிப் போனவன். ஆனால் படப்பையில் இருக்கும் அவன் அக்காவுக்குப் போன் போட்டபோது, அவள் அடித்துச் சொன்னாள்: "தம்பி ஓசூருக்கு வேலைக்குப் போயிட்டாம்மா. இங்க இல்லவே இல்ல."

போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். குழந்தையின் போட்டோ கேட்டார்கள். காது குத்துக்கு வந்தவர்களில் யாரையாவது ஆயா அடையாளம் சொல்வாளா என்றும் கேட்டார்கள்.

அதைக் கேட்டதும்தான் பிரசாந்துக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது.

பிரசாந்த், திருநாவுக்கரசுவின் மகன். செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கிறவன். மிச்ச நேரத்தில் மாடி ரூமில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஊரார் வீட்டு வளைகாப்பையும் மஞ்சள் நீராட்டையும் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறான். ஸ்ரீபெரும்புதூர் ஸ்டுடியோவில் கேமராவை வாடகைக்கு எடுத்து அக்கா மகள் விசேஷத்தையும் படம் பிடித்து, ராத்திரியே வி.சி.டி. போட்டு வைத்திருந்தான்.

ஹாலில் டி.வி. ஓடியது. கூட்டிவந்த ஆயா பூமாரி தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாப்பா இது, எல்லாம் கட்டம் கட்டமா கீது?"

"வி.சி.டி. அக்கா அது. சொந்தக்காரங்களுக்குக் குடுக்கறதுக்காகச் சின்னதாக்குனது. நீ மூஞ்சிங்களப் பாரு."

தேங்காய் உடைத்தது ஓடியது. சீர் தட்டு ஓடியது. ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார்.

"நிறுத்து, நிறுத்து! தோ, பந்தக்காலாண்ட நிக்கறான் பாரு. இவன்தான்."

பிரசாந்த் நிறுத்தினான்.

திருநாவுக்கரசு டி.வி.க்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு சட்டை. அதற்கு மேலே, மூஞ்சி இருக்க வேண்டிய இடத்தில், பிசைந்து வைத்த மாவைப் போல நாலைந்து கட்டம்.

"மூஞ்சி எங்கடா?"

"சட்டையப் பாரு நைனா. கம்பெனிச் சட்டையோட விசேஷத்துக்கு வந்தவன் யாரு?"

சாரதாதான் சொன்னாள், மெதுவாக. "இசக்கிதுரை."

மாடியில் இரண்டாவது ரூமில் குடியிருக்கிறவன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலை. சனிக்கிழமை ராத்திரி ஓவர்டைம் பார்த்துவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் நேராகப் பந்தலுக்கு வந்து நின்றவன். சுவாதிக்கு அவனிடம் ஒட்டுதல் அதிகம். ஐஸும் வாங்கிக் கொடுப்பான்.

சாரதா தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா மாமான்னு அவன் பின்னாடியே சுத்துச்சே! நானே சோத்தப் போட்டு வளத்துட்டனே!"

பிரசாந்த் அதற்குள் சித்தப்பா மகன் கோபாலுக்குப் போன் போட்டுவிட்டான். தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிற கோபாலுக்குக் கை முந்தும், காது பிந்தும்.

"சாயங்கால பஸ்ல வருவான். ஸ்டாப்பிங்லயே புடி. புள்ள எங்கன்னு சொல்ற வரைக்கும் வுடாத."

இசக்கிதுரையைத் திருநாவுக்கரசு நம்பினார் என்றில்லை. ஊர் தெரியாத பயல்களுக்கு ரூமை விடாதே, விட்டால் படிக்கட்டுக்கு இந்தப் பக்கம் விடாதே என்று கரடியாய்க் கத்தியவரே அவர்தான். ஆனால் ஒரு மனிதனின் எலும்பை உடைக்கிறதுக்கு முன்னால் அவன் மூக்காவது தெரிய வேண்டாமா? டி.வி.யில் உறைந்து நின்ற கட்டங்களை விரலால் தொட்டார்.

"இதவிடத் தெளிவா இல்லியா?"

"டேப்ப ஸ்டுடியோவுலயே திருப்பிக் குடுத்துட்டேன் நைனா. நேத்து சாயங்காலமே அதுமேல ஒரு ரிசப்ஷன் எடுத்துட்டாங்களாம். கேட்டேன்."

"உன் பொட்டிக்குள்ள ஏத்துனியே?"

"ஏத்துனேன். ஏ.வி.ஐ.னு பெரிய ஃபைலா ஏத்தி, அதுல வெட்டி ஒட்டிட்டு, கடைசியாத்தான் சின்னதாக்கணும். அப்பத்தான் படம் கெடாது. ஆனா அது இடத்த அடைக்கும். ஒரு மணி நேரப் படம் வெச்சா, டிஸ்க்குல மூணுல ஒரு பங்கு நெறஞ்சிடும். இன்னொரு பார்ட்டியோட வளைகாப்பு நிக்குது. அதனால..."

"அதனால?"

"அழிச்சுட்டேன் நைனா. வி.சி.டி. வந்துட்டுதே, இன்னாத்துக்குன்னு..."

"சோறு வெந்ததும் நெல்ல எல்லாம் கொளுத்துவியா நீ?"

பிரசாந்த் திடீரென்று படிக்கட்டை நோக்கி ஓடினான்.

"ஸ்லோ மோஷன்! ஒரு துண்ட மட்டும் வுட்டு வெச்சேன்!"

காது குத்துகிற நேரத்தை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, மேலிருந்து பூ கொட்டுகிற மாதிரி போட வேண்டும் என்பது அவன் ஆசை. சின்ன ஃபைலில் அதைச் செய்தால் படம் உடையும் என்று அந்தத் துண்டைப் பெரியதாகவே விட்டுவைத்திருந்தான். விசேஷத்துக்கு நாள் குறித்ததிலிருந்தே இந்தக் கிறுக்குத்தனத்துக்காக அவனைத் திட்டிக்கொண்டிருந்த திருநாவுக்கரசு, இப்போது அவன் பின்னாலேயே மூச்சிரைக்கப் படி ஏறினார். சாரதாவும் பூமாரியும் வந்தார்கள்.

கம்ப்யூட்டருக்கு உயிர் வருகிற வரைக்கும் நிற்க வேண்டியிருந்தது. அது முனகியது. விசிறி சுற்றியது. சாரதாவின் கையில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது, தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"சாயங்காலம் காதுக்கு எண்ணெ வெக்கணும்" என்றாள், யாரிடமென்று இல்லாமல். "இல்லாட்டி சீழ் வெச்சிக்கும்."

படம் வந்தது.

அதே பந்தல்தான். ஆனால் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஆசாரியின் நெற்றி வியர்வை தெரிந்தது. சுவாதியின் கண்ணிமையில் ஒட்டிய மையும் கன்னத்தில் வழிந்த நீரும் தெரிந்தன. திருநாவுக்கரசு கோபமாகத் துண்டை உதறினார்.

பிரசாந்த் சட்டென்று நிறுத்தினான்.

"நைனா."

"இன்னாடா?"

"நான் இதுல கீறேன்."

"தாய்மாமன் மடியிலதானே வெச்சுக் காது குத்துவாங்க? நீ இல்லாம எவன் இருப்பான்?"

"அதான் நைனா. நான் சுவாதிய மடில வெச்சிகினு குந்திகினு கீறேன். அப்போ கேமராவ யாரு புடிச்சது?"

சாரதா சொன்னாள். "நீதானே இசக்கி கையில குடுத்த... 'ஆட்டாம புடிண்ணா'ன்னு சொன்னியே."

கேமராவுக்குப் பின்னால் நின்றவன் பந்தக்கால் ஓரத்தில் எப்படி நிற்பான்? கேமராவைப் பிடிக்கிறவனை எவன் நினைத்துப் பார்க்கிறான்! படத்தில் இல்லாதவன் விசேஷத்திலேயே இல்லாதவன்.

பிரசாந்த் கோபாலுக்குப் போன் அடித்தான். மறுபடி அடித்தான். "ஸ்விட்ச் ஆஃப்னு வருது நைனா."

"படத்த ஓட்டு. அப்போ அவன் யாரு?"

ஓடியது. பந்தக்கால் ஓரத்தில் சாம்பல் சட்டைக்காரன் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினான். கூட்டம் முழுக்கக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அவன் ஒருவன்தான் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி இறங்கியபோது அவன் கண் சுருங்கியது.

சாரதா பாட்டில் பிடித்த கையாலேயே திரையில் அவன் வாயருகே சுட்டிக் காட்டினாள்.

"மீசைய எடுத்துட்டான்" என்றாள். "மீசைய எடுத்துட்டு வந்துகீறான், நைனா. அவரு... அவன்தான்."

"நாகப்பனா?"

பூமாரி முன்னால் வந்தாள். "ஆங், இவனேதான்! நான் சொன்னன்ல?"

திருநாவுக்கரசு அவள் பக்கம் திரும்பினார். "கீழ யார் மேல சொன்னே? இங்க யார் மேல சொல்றே? நேரத்துக்கு ஒருத்தனா?"

"நான் எங்கங்க மாத்துனேன்? அங்கயும் இந்த ஆளத்தான் காட்டுனேன். இசக்கின்னு பேரு வெச்சது நீங்கதானே?"

ஆனாலும் திருநாவுக்கரசுவுக்கு மனசு ஒப்பவில்லை. மீசை இல்லாத மூஞ்சி எதைப் பார்த்தாலும் ஏதோ ஒருத்தன் மாதிரித்தான் இருக்கும். பயந்துகிடக்கிற பெண்ணுக்குப் புருஷன் எல்லார் மூஞ்சியிலும் தெரிவான். ஓசூரில் இருக்கிறவன் மண்ணூரில் எப்படி நிற்பான்? அது கிடக்கட்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒருத்தனைக் காட்டிய பொட்டி, இப்போது இன்னொருத்தனைக் காட்டுகிறது. இன்னும் பெரிய ஃபைல் இருந்தால் மூன்றாவது ஆளைக் காட்டாது என்று என்ன நிச்சயம்?

"நான் இந்த மூஞ்சிய மட்டும் பேப்பர்ல எடுத்துகினு ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றான் பிரசாந்த். "நைனா, நீ ஸ்டாப்பிங்குக்குப் போ. கோபால் அண்ணன நிறுத்து. பஸ்ஸு வர்ற நேரம்!"

சாரதா அந்த எண்ணெய் பாட்டிலை அவர் சட்டைப் பையில் திணித்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மெயின் ரோடு ஒன்றும் பக்கத்தில் இல்லை. சைக்கிளை மிதித்தார். கன்டெய்னர் லாரிகள் அவரை உரசிக்கொண்டு போயின. முட்டி வலித்தது. மனசுக்குள் இரண்டு படம் மாறி மாறி ஓடியது. ஒன்றில் சுவாதி வீங்கிய காதோடு எங்கேயோ அழுதுகொண்டிருந்தாள். இன்னொன்றில் எவன் பெற்ற பிள்ளையோ ரோட்டோரம் மண்டை பிளந்து கிடந்தான்.

தண்ணீர் கேன் வண்டி ஸ்டாப்பிங்கில் நின்றது. கோபாலும் இன்னும் மூன்று பேரும் டீக்கடை மறைவில் நின்றார்கள். கோபாலின் கையில் ஜாக்கி கம்பி.

"கோபாலு! டேய்!"

அவர் கத்தியது ஏர் ஹாரன் சத்தத்தில் காணாமல் போயிற்று. கம்பெனி பஸ் வந்து நின்றது.

கதவு திறந்தது. இறங்கினார்கள். முதல் ஆள் சாம்பல் சட்டை. இரண்டாவது ஆள் சாம்பல் சட்டை. அதற்குப் பின்னாலும் அதே சட்டை, அதே சட்டை, அதே சட்டை. எல்லாம் ஒரே வயசு, ஒரே ஒல்லி, ஒரே மாதிரிப் பையைத் தோளில் மாட்டியிருந்தார்கள். திருநாவுக்கரசுவுக்கு அந்த நேரத்தில்தான் உண்மையான பயம் வந்தது. இதில் எவனை வேண்டுமானாலும் அடிப்பான் கோபால்.

ஒருத்தன் முதுகைக் காட்டி நின்று பீடி பற்றவைத்தான். கோபால் கம்பியை ஓங்கிக்கொண்டு போனான்.

சைக்கிள் கீழே விழுந்தது. திருநாவுக்கரசு அந்தக் கையில் தொங்கினார், இரண்டு கையாலும், பாரம் முழுக்கப் போட்டு.

"வுடு பெரிப்பா! புள்ளயத் தூக்கினவன்!"

"மூஞ்சியப் பாருடா மொதல்ல, மூஞ்சிய!"

பீடிக்காரன் திரும்பினான். வாயிலிருந்த பீடி விழுந்தது. இசக்கிதுரையோடு ஒரே ரூமில் இருக்கும் வனமாமலை.

"என்ன தாத்தா இது? என்னவே, கம்பியத் தூக்கிட்டு வாறீரு? நான் என்ன செஞ்சேன்?"

"இசக்கி எங்க?" என்றார் திருநாவுக்கரசு. அவர் இன்னும் கோபாலின் கையை விடவில்லை.

"அவன் இதுல வரலையே தாத்தா. காலைல பத்து பதினோரு மணி இருக்கும், செக்யூரிட்டில அவனுக்குப் போன் வந்திருக்குன்னு கூப்ட்டாவ. போயிட்டு வந்தவன் மொகமே சரியில்ல. சூப்பர்வைசர்ட்ட பெர்மிசன் கேட்டுட்டுப் போயிட்டாம்லா."

"எங்க போனான்?"

"படப்பை போற ஷேர் ஆட்டோல ஏறுனான்னு கேன்டீன்காரர் சொன்னாரு. யாரு போன்ல பேசுனதுன்னு கேட்டேன். சொல்லல."

கோபால் அவர் பிடியை உதறினான். "பாத்தியா பெரிப்பா? சாப்பாட்டு மணிக்கு முன்னாடியே கெளம்பிக்கீறான்! அவன்தான்! நீ என்னாத்துக்குக் குறுக்க வந்தே?"

திருநாவுக்கரசு மறுபடி அந்தக் கம்பியை எட்டிப் பிடித்தார்.

அப்போதுதான் பிரசாந்த், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், யாருடைய வண்டியிலோ வந்து இறங்கினான். கையில் ஒரு தாள், மை இன்னும் காயவில்லை. "அண்ணா, இசக்கி இல்ல! நாகப்பன்! பெரிய ஃபைல்ல நல்லாத் தெரியுது, பாரு!"

"இசக்கிதான்டா! காலைலயே கம்பெனிலேர்ந்து ஓடிட்டான்!"

"அவன் கேமரா புடிச்சிகினு இருந்தாண்ணா!"

"அது நேத்திக்கு. இன்னிக்குப் புள்ளயோட கையப் புடிச்சிகினு போனது யாரு? உன் கம்ப்யூட்டர் பள்ளிக்கூட வாசல்ல நின்னு பாத்துச்சா?"

நடு ரோட்டில் இரண்டு பேரும் கத்தினார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தன் தாளை எட்டிப்பார்த்தான். இன்னொருத்தன் தன் சட்டையைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டான்.

திருநாவுக்கரசு சைக்கிளைத் தூக்கி டீக்கடைச் சுவரில் சாய்த்தார். நாகப்பனின் அக்கா வீடு படப்பையில். இசக்கிதுரை ஆட்டோ ஏறியதும் படப்பைக்கு. ஒருத்தன் இன்னொருத்தனைத் துரத்திக்கொண்டு போனானா, இரண்டு பேரும் கூட்டா, இல்லை இரண்டுமே இல்லையா? சாம்பல் சட்டைக்காரன் எவனும் குழந்தைக்கு எண்ணெய் வைக்கப் போவதில்லை.

"நைனா, ஒரே ஒரு தபா பாரு." பிரசாந்த் தாளை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். "கண்ணு கூடத் தெளிவா கீது."

"தெளிவா இருந்தா நெசமாடா?"

"பின்ன?"

"காலைல வரைக்கும் அந்தக் கட்டம் கட்டமா ஓடுனதயே ஊருக்கெல்லாம் குடுக்கலாம்னு இருந்தவன் நீ. போடா."

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற ஷேர் ஆட்டோ ஒன்று வேகம் குறைந்தது. அங்கே மாறி, ஒரகடத்தில் மாறிப் படப்பைக்குப் போக வேண்டும். இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியுமா தெரியவில்லை. பின்னால் பிரசாந்த் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், அந்தத் தாளைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு. திருநாவுக்கரசு திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவை நோக்கி நடந்தார்.

கோபாலின் கையில் தொங்கியபோது பாட்டில் மூடி நழுவியிருக்க வேண்டும். சட்டைப் பை ஈரமாக இருந்தது. நடந்தபடியே பையை இறுகப் பிடித்துக்கொண்டார், அடியில் கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்று.